முள் மேல் பழியில்லை. மிதவைக் கம்பியை அளந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1974 அம்பாசடர் மார்க் 2 இருக்கிறது. பழைய இன்ஜினை எடுத்துவிட்டு 1.8 லிட்டர் இசுசு எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல், பம்ப் மூலம் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) இன்ஜின் ஏற்றியிருக்கிறேன். துருப்பிடித்த டேங்குக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதுசு செய்து டிக்கியில் வைத்தோம். உள்ளளவு 75 செ.மீ. நீளம், 32 அகலம், 20 உயரம். நீளம் காரின் குறுக்கே வருகிறது. டேஷ்போர்டில் பழைய தோற்றத்தில் ஒரு புது மீட்டரும், அதனுடன் செட்டாக வந்த டேங்க் யூனிட்டும் (இரண்டிலும் 240–33 ஓம் என்று போட்டிருக்கிறது) மாட்டியிருக்கிறது. யூனிட் டேங்கின் இடது ஓரத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி இருக்கிறது. மிதவைக் கம்பி 22 செ.மீ.; பாக்கெட்டில் வந்தபடியே போட்டார்கள். டேங்க் நிறைய அடித்தாலும் முள் முக்காலைத் தாண்டுவதில்லை. போன மாதம் மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில் முள் கால் அளவில் நிற்கும்போதே வண்டி நின்றுவிட்டது. கேனில் வாங்கி ஊற்றி, பங்க் வரை ஓட்டிப்போய் நிரப்பியபோது, கேனையும் சேர்த்து 45.5 லிட்டர் பிடித்தது. இரவில் லைட் போட்டுப் பிரேக் மிதித்தால் முள் இன்னும் இறங்குகிறது. வீட்டு வாசலில் ஒரு அளவு, மெயின் ரோட்டில் ஒரு அளவு காட்டுகிறது. ஒரு மெக்கானிக் மீட்டரை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் அசையும் பாகமே இல்லாத எலக்ட்ரானிக் குழாய் யூனிட் போடச் சொல்கிறார். எதைச் செய்வது? லிட்டருக்கு 9 கி.மீ. கிடைக்கிறது.
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: இரண்டையும் இப்போது வாங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய அளவுகளை வைத்துப் பார்த்தால் மீட்டரும் சரி, யூனிட்டும் சரி. தவறு மிதவைக் கம்பியின் நீளத்தில் இருக்கிறது. அது போக, பின்பக்க எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) பலவீனமாக இருக்கிறது. வாசலில் காட்டும் வித்தியாசத்துக்குக் காரணம் யூனிட் ஓரத்தில் இருப்பது. மூன்றும் தனித்தனிக் கோளாறுகள். எல்லாம் ஒரே முள்ளில் தெரிவதால் ஒரே கோளாறு போலத் தோன்றுகிறது.

முதலில் கம்பி. டேங்க் யூனிட் என்பது ஒரு ரெசிஸ்டன்ஸ் பட்டை, அதன்மேல் உரசி ஓடும் ஒரு கை, அந்தக் கையின் முனையில் மிதவை, அவ்வளவுதான். இந்த வகை யூனிட்டில் கை அடியிலிருந்து உச்சி வரை சுமார் 90 டிகிரி சுழலும். நடுவிலிருந்து மேலே 45, கீழே 45. அடியில் மின்தடை 240 ஓம், உச்சியில் 33. மீட்டருக்கு லிட்டர் தெரியாது, ஓம் மட்டுமே தெரியும். 240 வந்தால் காலி என்று காட்டும், 33 வந்தால் நிறைவு என்று காட்டும்.

உங்கள் டேங்க் 20 செ.மீ. உயரம். மிதவையின் கனம் 3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் மையம் அடித்தகட்டிலிருந்து 1.5 செ.மீ. உயரத்துக்குக் கீழே போகாது, மேல்தகட்டுக்கு 1.5 செ.மீ. முன்பே முட்டிவிடும். ஆக நடுவிலிருந்து மேலே 8.5, கீழே 8.5 செ.மீ. மட்டுமே அசைய இடம். 22 செ.மீ. கம்பியின் முனை 8.5 செ.மீ. ஏற, கை 23 டிகிரி சுழன்றால் போதும். 45 டிகிரி சுழல வேண்டிய கை 23-லேயே தகட்டில் முட்டி நிற்கிறது. 90 டிகிரியில் நடுப்பாதி மட்டும்தான் உங்களுக்குக் கிடைக்கிறது. அந்த நடுப்பாதி மீட்டரில் எங்கே விழும்? காலுக்கும் முக்காலுக்கும் நடுவே. டேங்க் நிறைந்திருந்தால் முக்கால், வற்றியிருந்தால் கால். நீங்கள் எழுதியிருப்பதும் அதுதான். மீட்டரை மாற்றினாலும் புது மீட்டர் இதையே காட்டும்.

கடையில் கிடைக்கும் யூனிவர்சல் யூனிட் பல உயர டேங்குகளுக்குப் பொதுவாகச் செய்யப்படுகிறது. அதனால்தான் கம்பியை நீளமாகவும், அச்சைத் தாங்கும் பட்டையை ஏற்றி இறக்கும்படியும் கொடுக்கிறார்கள். டேங்குக்கு ஏற்றபடி வெட்டுவதை நமக்கு விட்டுவிடுகிறார்கள். மாட்டுகிறவர் வெட்டாமல் மாட்டினால் இந்தக் கோளாறு நிச்சயம் வரும்.

வெட்டுவதற்கு முன் மீட்டரின் இ (காலி) கோடு எங்கே வரவேண்டும் என்று முடிவு செய்யுங்கள். இதில்தான் மாற்றியமைத்த வண்டிக்குத் தனிக் கவனம் வேண்டும். 48 லிட்டர் டேங்கில் வண்டி நின்றபின் 45.5 பிடித்தது என்றால், உறிஞ்சு குழாய்க்கு எட்டாத பெட்ரோல் சுமார் 2.5 லிட்டர். அடித்தட்டின் பரப்பைப் பார்த்தால் 1 செ.மீ. உயரத்துக்கு 2.4 லிட்டர். ஆக, கடைசி 1 செ.மீ. உங்களுக்குப் பயன்படாது. கார்புரேட்டர் வண்டி வற்றி நின்றால் ஊற்றி ஓட்டிப் போகலாம். எம்.பி.எஃப்.ஐ. பம்பைக் குளிர்விப்பதும் வழவழப்பாக வைப்பதும் பெட்ரோல்தான். காற்றை உறிஞ்சிக்கொண்டே சுற்றினால் பம்ப் சீக்கிரம் தேயும். அதனால் இ கோட்டை 7 லிட்டரை ஒட்டி வைக்கச் சொல்கிறேன். அதில் 4.7 லிட்டர் பயன்படும். உங்கள் மைலேஜில் 40 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல் வரும். எண்ணூரிலிருந்து தண்டையார்பேட்டைக்கு லாரி நெரிசலில் ஊர்ந்து வந்தாலும் தாராளம்.

இனி கணக்கு. இ கோடு அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில், அதாவது 7.2 லிட்டரில். எஃப் (நிறைவு) கோடு 18.5 செ.மீ. உயரத்தில், அதாவது 44.4 லிட்டரில். இரண்டுக்கும் நடு 10.75. எனவே கை சுழலும் அச்சு அடியிலிருந்து 10.75 செ.மீ. உயரத்தில், மேல்தகட்டின் உட்பக்கத்திலிருந்து 9.25 செ.மீ. கீழே இருக்கவேண்டும். நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் மிதவை 7.75 செ.மீ. போகவேண்டும். கை 45 டிகிரி சுழல்வதால் 7.75-ஐ 0.707-ஆல் (45 டிகிரியின் சைன் மதிப்பு) வகுத்தால் 11 செ.மீ. அதுதான் உங்கள் கம்பியின் நீளம். இது அச்சின் மையத்திலிருந்து மிதவையின் மையம் வரை நேர்கோட்டு அளவு. கம்பி வளைந்திருந்தாலும் வளைவோடு ஓட்டி அளக்கக்கூடாது.

எல்லா யூனிட்டும் சரியாக 90 டிகிரி சுழலாது. கழற்றியதும் ஒரு வெள்ளைத்தாளில் வைத்து, கையை ஒரு கோடியில் நிறுத்திப் பென்சிலால் கோடு போடுங்கள். மறுகோடியில் இன்னொரு கோடு. பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியால் இடைக்கோணத்தை அளந்துவிடலாம். 80 டிகிரி என்றால் கம்பி 12 செ.மீ.; 70 என்றால் 13.5 செ.மீ. அச்சின் உயரம் மூன்றுக்கும் ஒன்றுதான்.

கழற்றும் வேலையை வெளிக்காற்றில் செய்யுங்கள். உங்கள் பகுதியில் வீடுகள் நெருக்கம். மாடிப்படிக்கு அடியிலும் ஷட்டர் போட்ட ஷெட்டிலும் இந்த வேலை கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்துபோய், பக்கத்து வீட்டு அடுப்பிலோ ஃபிரிட்ஜ் சுவிட்சிலோ பற்றும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிட்டு, டேங்கில் பெட்ரோல் மிகக் குறைவாக இருக்கும் நாளில் செய்யுங்கள். பவுடர் வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். யூனிட்டை எடுத்ததும் துளையைத் துணி திணித்து அடைக்காதீர்கள், துணி ஆவியை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு பழைய கேஸ்கெட்டும் தகடும் வைத்து மூடுங்கள். அளப்பது, வெட்டுவது, வளைப்பது எல்லாம் டேங்கிலிருந்து நன்றாகத் தள்ளிப் போய். கம்பியைக் கட்டிங் பிளையரால் வெட்டுங்கள்; கிரைண்டர் வேண்டாம்.

யூனிட் கையில் இருக்கும்போதே மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை யூனிட்டின் டெர்மினலிலும் மறுமுனையை, யூனிட்டை டேங்கோடு திருகும் உலோக வளையத்திலும் தொட்டு, கையை மெதுவாக அடியிலிருந்து உச்சிக்கு நகர்த்துங்கள். எண் சீராகக் குறைந்துகொண்டே வரவேண்டும். நடுவில் எங்காவது எண் எகிறினால் உரசும் இடத்தில் பட்டை தேய்ந்திருக்கிறது. அந்த யூனிட்டை மாற்றத்தான் வேண்டும். அடியில் 240, நடுவில் 100-ஐ ஒட்டி, உச்சியில் 33 இருந்தால் நல்ல யூனிட். நடு எண் 136 இல்லையே என்று குழம்ப வேண்டாம், இந்த வகையில் பட்டை அப்படித்தான் சுற்றப்பட்டிருக்கும். மீட்டரும் அதற்கேற்பக் கோடு போட்டது.

மிதவையையும் பாருங்கள். பித்தளை மிதவை என்றால் வெந்நீரில் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து, பற்றவைத்த ஓரத்தில் ஊசிமுனைக் குமிழி வந்தால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோல் புகுந்த மிதவை தாழ்ந்து மிதக்கும், எப்போதும் குறைவாகவே காட்டும். கருப்பு நைட்ரைல் நுரை மிதவை மேல். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், பழைய ஸ்டாக்கில் கிடைக்கும் தக்கை மிதவையை வாங்காதீர்கள்.

கம்பியை வெட்டியபின் அச்சுப்பட்டையை 9.25 செ.மீ.க்கு நகர்த்தி, திருகை இறுக்கி, டேங்கில் வைக்காமலே சுழற்றிப் பாருங்கள். கை கிடைமட்டமாக இருக்கும்போது மிதவை அச்சிலிருந்து 12.5 செ.மீ. வரை நீட்டிக்கொண்டிருக்கும். யூனிட் இடது சுவரிலிருந்து 12 செ.மீ.யில் இருப்பதால், மிதவை இடது பக்கம் பார்த்து இருந்தால் சுவரில் முட்டும். வலது பக்கமாகவோ முன்பின்னாகவோ பார்க்கவேண்டும். இந்த ஐந்து துளை வளையத்தில் துளைகள் ஒரே இடைவெளியில் இருக்காது, ஒரே நிலையில்தான் பொருந்தும். அதனால் திசையை மாற்ற வேண்டுமானால் வளையத்தைத் திருப்ப முடியாது. கம்பியை வளைத்துத்தான் ஆகவேண்டும். தடுப்புத் தகடு, உறிஞ்சு குழாய், ரிட்டர்ன் குழாய் (மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் குழாய்) எல்லாவற்றுக்கும் 1 செ.மீ. இடைவெளி விடுங்கள். ரிட்டர்ன் குழாயின் பீய்ச்சல் மிதவைமேல் நேராக அடித்தால் முள் நிலைகொள்ளாது.

திரும்ப மாட்டும்போது பழைய கேஸ்கெட்டை மறுபடி போடாதீர்கள். எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் கேஸ்கெட் போடுங்கள். சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோலில் ஊறி உப்பி, துண்டுதுண்டாக ஃபில்டருக்குப் போகும். அதைத் தொடவே வேண்டாம். திருகுகளின் மரை வழியாகவும் பெட்ரோல் கசியும். ஒவ்வொரு திருகின் தலைக்கும் கீழே ஃபைபர் வாஷர் போட்டு, எதிரெதிர்த் திருகாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

அடுத்தது எர்த். வைட்டான் கேஸ்கெட்டும் ஃபைபர் வாஷரும் போட்டபின் யூனிட் வளையத்துக்கும் டேங்குக்கும் மின்தொடர்பை நம்ப முடியாது. டேங்கும் ரப்பர் பட்டைமேல் உட்கார்ந்திருக்கும். அதற்கும் பாடிக்கும் தொடர்பு நிச்சயமில்லை. இப்போது உங்கள் யூனிட்டின் எர்த் டெயில் லாம்ப் எர்த்தோடு ஒரே திருகில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிரேக் மிதித்தால் முள் இறங்குவது அதற்கு அடையாளம். இண்டிகேட்டர் போட்டுப் பாருங்கள். முள்ளும் அதே தாளத்தில் துடித்தால் சந்தேகமே இல்லை.

பிரேக் பல்பு 21 வாட் வீதம் இரண்டு. சுமார் 3.5 ஆம்பியர் அந்தத் திருகு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பவேண்டும். திருகின் அடியில் பெயிண்டும் துருவும் சேர்ந்து 0.1 ஓம் தடை இருந்தாலே 0.35 வோல்ட் அங்கே தேங்கும். மீட்டர் வழியே யூனிட்டுக்கு ஓடுவது 50 மில்லி ஆம்பியர் என்றால், அந்த 0.35 வோல்ட் மீட்டருக்கு 7 ஓம் கூடியதுபோல் தெரியும். ஓம் கூடினால் முள் இறங்கும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரம் ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். உப்புக்காற்று செம்பு ஒயரைப் பச்சையாக்கிவிடும், மீன் லாரி சிந்திப்போகும் தண்ணீர் கீழிருந்து தெறிக்கும். வியாசர்பாடிப் பக்கம் மழைக்காலத்தில் டிக்கி அடிவரை தண்ணீர் ஏறிய வண்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

அளந்து பார்ப்பது சுலபம். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனை யூனிட் வளையத்தில், மறுமுனை நீளமான ஒயர் மூலம் பேட்டரி நெகட்டிவில். லைட், பிரேக், இண்டிகேட்டர் எல்லாம் போடச் சொல்லுங்கள். 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.1-ஐத் தாண்டினால் எர்த்தைச் சரிசெய்தே ஆகவேண்டும். இதை யூனிட்டைக் கழற்றும் முன்பும், வேலை முடிந்து டேங்கை மூடியபின்பும் செய்யுங்கள். டேங்க் திறந்திருக்கும்போது எந்த மின்சோதனையும் வேண்டாம்.

சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முதலில் டெயில் லாம்புகளுக்குத் தனி எர்த்: பாடியில் பளபளக்கும் தகடு தெரியும்வரை சுரண்டி, ஈயம் பூசிய லக் போட்டு, 2.5 சதுர மி.மீ. ஒயர். அதன்பின் யூனிட் வளையத்திலிருந்து டேஷ்போர்டு வரை 1 சதுர மி.மீ. செம்பு ஒயர் ஒன்றைத் தனியாக இழுத்து, மீட்டரின் எர்த் டெர்மினலிலேயே முடியுங்கள். இந்த வேலையில் நான் வற்புறுத்திச் சொல்வது இந்த ஒரு ஒயரைத்தான். மீட்டரும் யூனிட்டும் ஒரே எர்த்தைப் பார்த்தால் பாடியில் என்ன நடந்தாலும் முள் அசையாது. மூன்றாவதாக டேங்கையும், பெட்ரோல் ஊற்றும் கழுத்தையும் பாடியோடு ஒயரால் இணையுங்கள். கழுத்துக்கும் டேங்குக்கும் நடுவே ரப்பர் ஹோஸ் இருப்பதால், நிரப்பும்போது சேரும் நிலைமின்சாரம் போக வழியில்லை. இந்த இணைப்பு முள்ளுக்காக அல்ல, உங்கள் பாதுகாப்புக்காக. எல்லா முனையிலும் வாசலின் தடவி, சுருங்கும் குழாய் போட்டு மூடிவிடுங்கள்.

மீட்டரைத் தனியாகச் சோதிக்க ரிச்சி தெருவில் 33, 68, 100, 150, 220, 22 ஓம் ரெசிஸ்டர்கள் ஒவ்வொன்று வாங்குங்கள், 1 வாட் அளவில். யூனிட்டிலிருந்து வரும் ஒயரை டேஷ்போர்டு அருகிலேயே கழற்றி, அந்த டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். 33 வைத்தால் எஃப், 68-ல் முக்காலை ஒட்டி, 100-ல் அரை, 150-ல் கால், 220-ஐயும் 22-ஐயும் தொடராக வைத்தால் இ. இப்படி வந்தால் மீட்டர் நல்ல மீட்டர். யூனிட் ஒயரை நேராகப் பாடியில் தொட்டு முள் ஏறுகிறதா என்று பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. டேங்க் பக்கத்தில் அதைச் செய்யவிடாதீர்கள், பொறி பறக்கும்.

பழைய மீட்டரையே வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் போன்ற வண்டிகளில் சாவி போட்டதும் முள் பொறுமையாக, பல வினாடி எடுத்து ஏறும். அது உள்ளே சூடாகி வளையும் இரட்டை உலோகத் தகட்டு மீட்டர். அதற்கு 12 வோல்ட் நேராகப் போகாது. மீட்டருக்குப் பின்னால் ஒரு சிறிய தகரப் பெட்டி வோல்ட்டேஜை விட்டுவிட்டுக் கொடுத்து, சராசரி 10 வோல்ட்டாக்கும். பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒரே நேரத்தில் ஏற்றமாகவோ இறக்கமாகவோ காட்டினால் அந்தப் பெட்டிதான் காரணம். அதற்குப் பதில் 7810 ரெகுலேட்டரை, உள்ளே வரும் பக்கம் 0.33, வெளியே போகும் பக்கம் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோடு, நெகட்டிவ் எர்த் வண்டியில் பாடித் தகட்டோடு திருகிப் பொருத்தலாம். அது 10 வோல்ட் தர, உள்ளே 12 வோல்ட்டாவது வரவேண்டும். இன்ஜின் ஓடாதபோது பேட்டரி தளர்ந்திருந்தால் முள் சற்று இறங்கித் தெரிவது இயல்பு. அந்த மீட்டர்களுக்கு 240–33 யூனிட் இரு கோடியில் ஓரளவு ஒத்துவந்தாலும் நடுவில் ஒத்துவராது. அரை டேங்கில் அரைக்கும் குறைவாகவே காட்டும். அதன் யூனிட் ஒயரை நேராக எர்த்தில் தொட்டால் உள்ளே இருக்கும் சுருள் கருகிவிடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

மீட்டர் வாங்குகிறவர்கள் எண்ணைப் பார்த்து வாங்கவேண்டும். 240–33-ல் காலி என்றால் பெரிய எண். 0–190, 0–90, 10–180 வகைகளில் காலி என்றால் சின்ன எண். டப்பா ஒரே மாதிரி இருக்கும். ஒன்றின் மீட்டரை மற்றதன் யூனிட்டோடு சேர்த்தால் நிரப்ப நிரப்ப முள் இறங்கும். எந்த ரெசிஸ்டர் போட்டும் அதை நேராக்க முடியாது.

எலக்ட்ரானிக் குழாய் யூனிட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது இரண்டு குழாய்களுக்கு நடுவே நிற்கும் திரவத்தின் மின்தேக்குத் திறனை அளக்கிறது. பெட்ரோலின் மின்காப்பு மாறிலி (அந்தத் திறனை ஒரு திரவம் எத்தனை மடங்கு கூட்டும் என்ற எண்) 2 அளவில் இருக்கிறது, எத்தனாலுக்கு 24-ஐத் தாண்டும். கலப்பு மாறினால், அல்லது கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால், உயரம் மாறாமலே அளவு மாறும். டீசல் டேங்குக்கு அது நல்ல பொருள். இன்றைய பெட்ரோலுக்கு மிதவைதான் நம்பகமானது என்பது என் தீர்மானமான கருத்து. குழாய்க்குள் காந்த மிதவை ஏறி இறங்கும் ரீட் சுவிட்ச் வகையும் கிடைக்கிறது. அது சுமார் 2 செ.மீ.க்கு ஒருமுறை படிபடியாகத்தான் மாறும். உங்கள் 20 செ.மீ. டேங்கில் ஒரு படி என்றால் கிட்டத்தட்ட 5 லிட்டர்.

வாசல் விவகாரத்துக்கு வருவோம். தெரு குறுகல் என்பதால் இடது சக்கரங்களைப் பிளாட்பாரத்தில் ஏற்றி நிறுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அம்பாசடரின் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே சுமார் 135 செ.மீ. ஒரு பக்கம் 10 செ.மீ. ஏறினால், டேங்கின் நடுவிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருக்கும் உங்கள் யூனிட்டின் இடத்தில் பெட்ரோல் மட்டம் 1.9 செ.மீ. இறங்கும். அது 4.5 லிட்டர் குறைந்ததற்குச் சமம். பெட்ரோல் எங்கும் போகவில்லை, வலது ஓரத்தில் இருக்கிறது. யூனிட்டை டேங்கின் நடுவுக்கு மாற்றினால் இது தீரும். ஆனால் பெட்ரோல் பட்ட டேங்கில் துளை போட்டு வளையம் பற்றவைக்க வேண்டியிருக்கும். முழுதாகக் கழற்றி, கழுவி, ஆவி நீக்கி, அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுக்காமல் செய்தால் டேங்க் வெடிக்கும். இதற்காக அந்த ஆபத்து தேவையில்லை. சமதளத்தில் நிற்கும்போது மட்டும் அளவைப் பாருங்கள். மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது கவலையே இல்லை: டேங்க் முன்பின்னாக 32 செ.மீ. மட்டுமே, 30-க்கு 1 ஏற்றத்தில் ஓரத்தில்கூட அரை செ.மீ.தான் மாறும்.

எல்லாம் மாட்டியபின் அளவெடுத்தல். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது அதிகாலையில், கூட்டம் இல்லாத பங்க்குக்குப் போங்கள். அங்கே 5 லிட்டர் முத்திரை அளவு கேன் இருக்கும். பம்பின் அளவை முதலில் அதில் சரிபார்க்கச் சொல்லலாம், அது வாடிக்கையாளரின் உரிமை. பங்க் தரை தண்ணீர் வடியச் சரிவாக இருக்கும் என்பதால், ஒவ்வொரு 5 லிட்டர் போட்டபின்பும் வண்டியைச் சமமான இடத்துக்கு நகர்த்தி, டிக்கியின் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, இரண்டு நிமிடம் விட்டு முள்ளின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி சரியாக வெட்டப்பட்டிருந்தால் டேங்கில் 7.2 லிட்டர் இருக்கும்போது இ, 16-ல் கால், 26-ல் அரை, 36-ல் முக்கால், 44-ஐத் தாண்டினால் எஃப் என்று வரும். கால், முக்கால் கணக்கில் 1 லிட்டர் முன்னேபின்னே வருவது கை வட்டமாகச் சுழல்வதால். அதைத் திருத்த வேண்டியதில்லை. நிறைய அடித்தபின் முதல் 30 கி.மீ. முள் எஃப்-ஐ விட்டு அசையாது. மிதவை மேல்கோடியைத் தாண்டிய பெட்ரோல் அது.

முழு வரிசையும் ஒரே அளவில் ஏறியோ இறங்கியோ காட்டினால் கம்பியை வளையுங்கள். கூடுதலாகக் காட்டினால் மிதவை முனையை மேல்நோக்கி, குறைவாகக் காட்டினால் கீழ்நோக்கி. 5 டிகிரி வளைவு ஏறக்குறைய 2 லிட்டர். காலிக் கோடியில் மட்டும் வித்தியாசம் என்றால் ரெசிஸ்டர் உதவும். உதாரணமாக, உங்கள் யூனிட் அடியில் 240-க்குப் பதில் 265 ஓம் காட்டினால், டெர்மினலுக்கும் எர்த்துக்கும் குறுக்கே 2.7 கிலோ ஓம் ஒன்றை டேஷ்போர்டு முனையில் இணையுங்கள். 241 ஆகிவிடும், உச்சியில் 33 என்பது 32.6 ஆகும், முள்ளுக்கு அது தெரியாது. எஃப் கோடு ஒரு மயிரிழை குறைவாக நின்றால் விட்டுவிடுங்கள். இ சரியாக இருப்பதற்காக எஃப்-ஐ விட்டுக்கொடுக்கலாம், மறுபக்கம் கூடாது.

குறித்த அளவுகளை ஒரு அட்டையில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். டேங்க் நிறைந்த அன்றே ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்திவைத்து, யூனிட் வளையத்தைச் சுற்றி டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். உங்கள் டேங்க் டிக்கிக்குள் இருக்கிறது. கசிந்தால் ஆவி நேராகப் பின்சீட்டுக்கு வரும். பேப்பரில் ஈரமோ டிக்கியில் வாடையோ இருந்தால் டேங்கிலிருந்து 10 லிட்டருக்கு மேல் வெளியே எடுத்து, கேஸ்கெட்டை மாற்றும்வரை நிறைய அடிக்காதீர்கள்.